வலப்பக்கக் கதவில் ஒரு ஓட்டு

மற்றவர்களின் பேச்சை நிறுத்துவதே முப்பத்தோரு வருடம் ஹெட்லி டிரான்டரின் வேலையாக இருந்தது. எங்கள் ஊர்க் கல்லூரியில் தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் ஒரே பட்டமாகச் சேர்த்துப் படிக்கும் பிள்ளைகள் வியாழக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு விவாதம் நடத்துவார்கள். ஹெட்லி அந்த அறையின் பொறுப்பாளர். நாற்காலிகளைப் போடுவார், சூப் பாத்திரத்தைச் சூடாக வைப்பார், பிறகு பித்தளை மணியோடு மூலையில் உட்காருவார். ஆளுக்கு ஏழு நிமிடம். ஏழு முடிந்தால் மணி. பின்னாளில் அமைச்சரானவர்களையும் பாதி வாக்கியத்தில் நிறுத்தியிருக்கிறார்.

அப்பா ரயில்வே கூலி. ஹெட்லி பதினைந்து வயதில் கல்லூரிச் சமையல்கட்டில் தட்டுக் கழுவ வந்து அங்கேயே தங்கிவிட்டார். பட்டம் கிடையாது. ஆனால் ஆயிரத்துக்குக் குறையாத விவாதங்களைக் கேட்டிருந்தார். எந்தப் பையன் எந்த இடத்தில் சறுக்குவான் என்று முன்கூட்டியே தெரியும். ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அவர் மனைவி எனிட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றபின் வீடு வீடாகப் பராமரிப்பு வேலை செய்துவந்தேன். எனிட்டுக்கு மறதி நோய். நோய் இன்னதென்று தெரிந்த அன்று, பாத்திரம் கழுவிக்கொண்டே, "என்னை ஒரு ஹோம்லயும் கொண்டுபோய் விடமாட்டேன்னு சொல்லுங்க" என்று கேட்டாளாம். "விடமாட்டேன்" என்றாராம் இவர். நான் போன காலத்தில் எனிட்டுக்கு அது நினைவில்லை. இவருக்கு மறக்கவில்லை.

வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் வியாழக்கிழமைகளில் எனிட்டையும் அறைக்குக் கூட்டிவருவார். சக்கர நாற்காலியைத் தள்ளுவது என் வேலை. எல்லோரும் கை தட்டினால் அவளும் தட்டுவாள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும்.

மூன்று பாடங்களுக்கும் வாரம் ஒன்றாகத் தலைப்பு வரும். பிப்ரவரியில் ஒரு வாரம், தத்துவத்தின் முறை. தலைப்பு: கொடுத்த வாக்கு, அதை வாங்கியவருக்கே நினைவில்லாதபோது, நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆதரித்துப் பேச லண்டனிலிருந்து வரவேண்டியவரின் ரயில் ரத்தாகிவிட்டது. செயலாளர் கெரிஸ் என்ற வேல்ஸ்காரப் பெண். நேரே ஹெட்லியிடம் வந்தாள்.

"மிஸ்டர் டிரான்டர், நீங்க பேசுங்களேன்."

"நானா? நான் மணி அடிக்கிறவன், பொண்ணே."

"முப்பது வருஷமா எல்லாரையும் வாயை மூட வச்சீங்கல்ல? பழி வாங்க எங்களுக்கும் ஒரு வாய்ப்புக் குடுங்க."

பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். அங்கே யாரும் சொந்தக் கருத்தைப் பேசுவதில்லை. தனக்கு வந்த பக்கத்தைப் பேசவேண்டும், அதுதான் பழக்கம். அந்தத் தைரியத்தில் எழுந்தார்.

நன்றாகப் பேசினார். அதுதான் வினை. "ஒரு வாக்குக்கு ரெண்டு ஆள் வேணும். குடுத்தவன் இருக்கான். வாங்கினவ போயிட்டா. இப்ப எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு நாம செய்யவேண்டியது கவனிப்பு. பழைய வாக்கு அவங்களோடது இல்ல" என்றார். பிள்ளைகள் தட்டினார்கள். எனிட்டும் தட்டினாள். அதைப் பார்த்து ஒரு கணம் நின்றுபோனார். ஏழு நிமிடம் முடிந்ததும் தன் வாக்கியத்தைத் தானே வெட்டி மணியடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அறையே சிரித்தது.

அங்கே ஓட்டு என்பது வெளியே நடந்து போவதுதான். ஆதரிப்பவர்கள் வலப்பக்கக் கதவு வழியாக, எதிர்ப்பவர்கள் இடப்பக்கக் கதவு வழியாக. கதவுக்கு ஒருவர் நின்று எண்ணுவார். யாராக இருந்தாலும், சூப் ஊற்றுகிறவளே ஆனாலும், கதவைத் தாண்டினால் ஓட்டு. வழக்கமாக எண்ணி முடித்தபிறகுதான் எனிட்டை வெளியே தள்ளுவேன். அன்று அவளுக்கு அவசரமாகக் கழிப்பறை போகவேண்டியிருந்தது. இடப்பக்கக் கதவில் இரண்டு படி. வலப்பக்கத்தில் சாய்தளம். கூட்டத்தோடு வலப்பக்கமே தள்ளிப் போனேன். என்னையும் எண்ணினார்கள், எனிட்டையும் எண்ணினார்கள்.

ஆதரவு இருபத்து நான்கு, எதிர்ப்பு இருபத்து மூன்று.

"எனிட்டே எனக்கு ஓட்டுப் போட்டுட்டா!" என்று ஹெட்லி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச்சில் குளியலறையில் எனிட்டைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டு அவளோடு விழுந்தார். இரண்டு பேரும் நாற்பது நிமிடம் தரையில் கிடந்தார்கள். நான் போய்த்தான் தூக்கிவிட்டேன். அவருக்கு எழுபத்தாறு வயது. ரத்த அழுத்தம் நான் எழுதி வைக்கவே தயங்கும் அளவில் இருந்தது. நோயாளிக்கு முன்னால் பார்த்துக்கொள்கிறவர் சாவதை நான் ஐந்தாறு வீடுகளில் கண்டிருக்கிறேன். ஆற்றோரம் ஒரு நல்ல முதியோர் இல்லத்தில் இடம் காலியானது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

வியாழன் காலை சமையலறையில் என்னைக் கேட்டார்.

"சிஸ்டர், அன்னைக்கு அவ சம்மதிச்சாதானே?"

வலப்பக்கக் கதவில் விழுந்த ஓட்டைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. படிகள் கண் முன்னால் வந்தன.

"ஆமா" என்றேன். "சம்மதிச்சாங்க."

அவர் கையெழுத்துப் போட்டார்.

எனிட்டை இல்லத்தில் சேர்த்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அங்கே அவள் எடை கூடியது, முதுகுப் புண் ஆறியது. ஆனால் "உங்க உடம்பு தாங்காது, அனுப்புங்க" என்று நான் என் பெயரில் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் பழி என்மேல் வரும். அவள் வாயில் வைத்துச் சொன்னால் வராது. அவ்வளவுதான் காரணம். நல்லதுக்குச் சொன்ன பொய் என்று பின்னால் பூசி மெழுகிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

ஹெட்லி தினமும் இரண்டு மணிக்கு இல்லத்துக்குப் போனார். வியாழக்கிழமை விவாதத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு குறைந்தது. தோட்டத்தில் அவர் போட்டிருந்த லீக்ஸ் என்ற வெங்காயத்தாள் பறிக்க ஆளில்லாமல் பூத்து வீணாயிற்று. மே மாதம் நான் அவர் இடுப்பு வலியைப் பார்க்கப் போயிருந்தபோது கெரிஸ் மணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தாள்.

"நீங்க இல்லாம எவனும் நிறுத்த மாட்டேங்கிறான், மிஸ்டர் டிரான்டர். போன வாரம் ஒருத்தன் வட்டி விகிதத்தைப் பத்தி இருபது நிமிஷம் பேசினான். சூப் ஆறிப்போச்சு."

அவர் சிரிக்கவில்லை. "நான் ஜெயிச்ச விவாதம் ஒண்ணே ஒண்ணு. அதை வச்சு என் பெண்டாட்டியை வீட்டை விட்டு அனுப்பிட்டேன். அந்த அறைக்கு இனி வரமாட்டேன்" என்றார்.

கெரிஸ் மணியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். தலைப்பைத் தேர்ந்தெடுத்தவள் அவள். முகம் வெளுத்திருந்தது.

இதற்குமேல் தாங்காது என்று சொல்லிவிட்டேன். "ஹெட்லி, அன்னைக்கு நான் வலப்பக்கம் தள்ளினது இடப்பக்கம் படி இருந்ததால. அவங்க எதுக்கும் சம்மதிக்கல. அவங்களுக்கு பாத்ரூம் போகணும், அவ்வளவுதான். நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சாய்தளத்தைப் போட்டது யாருன்னு நினைக்கிறீங்க?" என்றார். "நான்தான். அவ நாற்காலிக்காகப் போட்டேன். எனக்குத் தெரியாதா, சிஸ்டர்? நீங்க ஆமான்னு சொல்வீங்கன்னு தெரிஞ்சுதான் கேட்டேன்."

நான் தேநீர் போட்டேன். ஆறவிட்டுவிட்டோம்.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. கல்வியாண்டு முடிவதற்குள் யார் வேண்டுமானாலும் எழுந்து பழைய எண்ணிக்கையை ஆட்சேபிக்கலாம். அடுத்த வியாழக்கிழமை ஹெட்லி சட்டைக்குமேல் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு, மணியை எடுத்துக்கொண்டு, என்னையும் அழைத்துப் போனார். பொருளாதார வாரம். விவாதம் தொடங்குமுன் எழுந்தார்.

"பிப்ரவரி எண்ணிக்கையில ஒரு ஓட்டுத் தப்பு. என் மனைவியோடது. அவங்க போடல. அடிச்சிடுங்க."

கெரிஸ் குறிப்பேட்டைப் புரட்டினாள். என் பக்கம் திரும்பி, "அப்ப உங்களோடதும் அப்படித்தானே? அதையும் எடுத்துடவா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். நாற்காலி இல்லாம தனியா வந்திருந்தாலும் நான் வலப்பக்கம்தான் போயிருப்பேன்" என்றேன். அந்த அறையில் ஹெட்லி கேட்கும்படி அதை என் பெயரில் சொல்லவேண்டியிருந்தது.

இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று. சமமானால் தீர்மானம் தோற்றதாகக் கணக்கு. கெரிஸ் சிவப்பு மையால் அடித்து எழுதினாள். ஹெட்லி அது காயும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு மணியோடு மூலைக்குப் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் இரண்டு மணிக்கு இல்லத்தில் நானும் இருந்தேன். எனிட் கஸ்டர்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஹெட்லி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனிட், நீ கேட்டு நான் குடுத்த வாக்கை மீறிட்டேன். என்னால முடியல. நீ சரின்னு சொல்லல. நானாத்தான் செஞ்சேன்."

அவள் அவரையே பார்த்தாள். யாரென்று தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. காலிக் கிண்ணத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் இருக்கா?"

அவர் எழுந்திருக்கவில்லை, இடுப்பு இன்னும் சரியாகவில்லை. நான் போய் வாங்கிவந்தேன். ஊட்டியது அவர்தான்.