தவிட்டுக்கு விற்ற குழந்தை

"மாநாட்டில் காட்டவேண்டிய குழந்தைக்கான விண்ணப்பம் பதினைந்து நாளுக்குள் மறுக்கப்படாவிட்டால், அனுமதிக்கப்பட்டதாகவே கொள்ளவேண்டும்." சேலத்தில் கூடிய குழந்தை மருத்துவர் மாநாட்டின் ஏழாவது விதி இது. விதிகளை அச்சடிப்பவர்கள் அவற்றைப் படிப்பதில்லை. அரூர் ஆஸ்பத்திரியில் குமாஸ்தாவாக இருந்த நான் படித்துவைத்தேன்.

இரண்டாம் உலகப்போர் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு. கம்பைநல்லூரிலிருந்து ஒரு பெண் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிவந்தாள். குழந்தை காகிதமாக வெளுத்திருந்தது. இன்னும் நடக்கவில்லை, அழுதாலே மூச்சிரைத்தது. எங்கள் டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். "இதயத்துல ஏதோ எரைச்சல். மாநாட்டுக்கு மெட்ராஸ் டாக்டருங்க வர்றாங்க, எழுதிப் போடுங்க" என்றார்.

விண்ணப்பப் பாரத்தை எடுத்துத் தாய் யார் என்று கேட்டேன்.

"நானு இல்லீங்க. எதுத்த வூட்டு அக்காங்க. ஒரு படி தவுட்டுக்கு வித்துட்டனுங்க." குரலைத் தாழ்த்தினாள். "மொத ரெண்டும் நிக்கலீங்க. எம்புள்ளைன்னு சொன்னா இதுவும் போயிருங்க."

முன்பிறந்தவை இறந்தால், அடுத்ததைத் தவிட்டுக்கு விற்று எமனை ஏமாற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். குழந்தை வளர்வதென்னவோ பெற்றவளிடம்தான். சொன்னதைச் சொன்னபடி எழுதுவது என் வழக்கம். எழுதினேன்: "தாய்: எதிர்வீட்டார். ஒரு படி தவிட்டுக்கு வாங்கியவர்." எமனுக்கு விரித்த வலையில் ஒரு ஆபீஸ் விழும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாநாட்டு ஆபீஸிலிருந்து பதில் இல்லை. இரண்டு முறை நினைவூட்டினேன், அதற்கும் இல்லை. பதினாறாம் நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, அவளையும் குழந்தையையும் பஸ் ஏற்றினேன்.

மாநாட்டு வாசலில் ஒரு வரவேற்புக்காரர் மறித்தார். "அனுமதிக் கடிதம் எங்கீங்க?"

"உங்க ஏழாவது விதிதான் கடிதம்."

"அப்படி ஒரு விதியே கெடையாதுங்களே."

அவர் கையிலிருந்த புத்தகத்தையே வாங்கிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். அவர் படிக்கும் நேரத்தில் நாங்கள் உள்ளே போய்விட்டோம்.

காலையில் பால் மறக்கடிப்பது பற்றிய பேச்சு. மாலையில் இதய நோய். நடுவே சாப்பாட்டு நேரத்தில், மெட்ராஸ் லேடி டாக்டர் ஒருவரிடம் குழந்தையை நீட்டினேன். அவர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெகுநேரம் நெஞ்சைக் கேட்டார்.

"நீ யாரும்மா, தாயா?"

"இல்லீங்க, எதுத்த வூடுங்க."

குழந்தை அதற்குள் அவள் மாராப்பை இழுத்துப் பால் தேடியது. "எதுத்த வூட்டுக்காரிகிட்டயா பால் குடிக்குது?" என்று டாக்டர் சிரித்துவிட்டார். "வேற என்ன குடுக்கற?"

"ஒண்ணுமில்லீங்க. சோறு குடுத்தா ஒத்துக்காம போயிருமோன்னு பயமுங்க."

"இதயம் கெட்டுப்போகலம்மா. ஒடம்புல ரத்தமில்ல, அதான் நெஞ்சு இந்தச் சத்தம் போடுது. வெறும் பால் போதாது." இரும்புச்சத்து மருந்தும், கேழ்வரகுக் கூழும், மசித்த கீரையும், முட்டையும் கொடுக்கச் சொல்லி எழுதித்தந்தார். அந்தச் சீட்டைக் கொண்டுவந்து எங்கள் கோப்பில் கட்டினேன். அனுமதியில்லாமல் மாநாட்டுக்குப் போனதற்கு ஆஸ்பத்திரியில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். ஏழாவது விதியை நகலெடுத்துக் கொடுத்தேன்.

மாநாடு நடந்தது மாசியில். பிறகொரு நாள் அவள் மருந்து வாங்க வந்திருந்தபோது மாநாட்டு ஆபீஸிலிருந்து தபால் வந்தது: "தவிட்டுக்குக் குழந்தை விற்கப்பட்டது குறித்து விளக்கம் தேவை. உண்மையான தாயை ஆஜர்படுத்தும்வரை அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது."

"நீ யாரும்மா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எதுத்த வூட்டுக்காரிங்க" என்றாள், கண் இமைக்காமல். குழந்தை என் மேசைக்காலைப் பிடித்தபடி ஒரு சுற்று நடந்துவந்து, கடிதத்தின் உறையை இழுத்தது. உறையை அதனிடமே விட்டுவிட்டு, கடிதம் வந்த தேதியைப் பதிவேட்டில் ஏற்றினேன்: ஆடி ஐந்து.