பல் கட்டுகிறவரின் காது

பாட்டு தொடங்கிப் பதினோரு நொடி ஆனதும் என் மச்சான் கையிலிருக்கும் பல்லைக் கீழே வைத்துவிடுகிறார். யாருடைய பல்லோ, நாளை யார் வாய்க்குப் போக வேண்டியதோ. அதை ஒரு துணித்துண்டின் மேல் பத்திரப்படுத்திவிட்டு, கண்ணை மூடி, "சுட்டது" என்கிறார். பிறகு எழுந்து போய், அலமாரியில் தேடாமல் தடவாமல் ஒரு பழைய இசைத்தட்டை உருவி வந்து ஓட விடுகிறார். அதே கிதார், அதே இழுப்பு, ஆனால் இருபது வருடம் மூத்தது. "இப்ப சொல்லுங்க மாப்ளே, இதுல யாரு யாருக்கு அப்பா?"

அவர் என் மனைவியின் அண்ணன். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பது தொழில். வீட்டின் பின்னறைதான் பட்டறை. மேசை முழுக்க அச்சு வார்க்கும் வெள்ளை மாவு, மெழுகு, அரம், வரிசை வரிசையாகச் சிரிக்கும் தாடைகள். ஞாயிறு காலையில் அந்தத் தாடைகளின் முன்னிலையில் எங்கள் ராக் இசைச் சபை கூடும். சபை என்றால் மூன்று பேர். மச்சான், தெருமுனை மருந்துக் கடைக்காரர், நான். மூவர் வயதையும் கூட்டினால் நூற்றைம்பதைத் தாண்டும். எந்தக் குழு அசல், எது வெறும் ஆரவாரம் என்று சண்டை வந்துவிட்டால் மட்டும் ஆளுக்குப் பதினாறு.

ஆரவாரத்தின் பிரதிநிதியாக அங்கே உட்கார்ந்திருப்பவன் நான். வாரப் பத்திரிகை ஒன்றில் இசை விமர்சனம் எழுதுகிறேன். விமர்சனம் என்பது நான் சொல்லிக்கொள்வது. மச்சான் அதற்கு "பில்டப்" என்கிறார். அச்சுகளில் குறி வைக்கும் சிவப்புப் பென்சிலால் என் பக்கத்தில் கோடு போட்டுத்தான் படிப்பார். "மாப்ளே, சகாப்தம் இந்த வருஷம் நாலாவது தடவை பொறந்திருக்கு. கொஞ்சம் இடைவெளி விடுங்க, அதுக்கும் உடம்பு தாங்கணும்ல?"

பெயர் தெரிந்தால் காது பொய் சொல்லும் என்பது அவருடைய கட்சி. அதனால் சபையில் எந்தத் தட்டைப் போட்டாலும் நடுவிலுள்ள வட்டத்தின் மேல் இளஞ்சிவப்பு மெழுகுத் தாளை ஒட்டிவிடுவார். கேட்டு முடித்துத் தீர்ப்பும் சொன்ன பிறகுதான் மெழுகை உரிக்கலாம். போன வருடம் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "ஆன்மாவே இல்லாத இரைச்சல்" என்று கை கழுவினேன். உரித்துப் பார்த்தால், அதற்கு முந்தின மாதம் நானே இரண்டு பக்கம் புகழ்ந்து தள்ளியிருந்த குழு. மச்சான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"ஊரான் பாட்டெல்லாம் நகல்னு குதிக்கிறியே, நீ செய்யறது என்னடா?" என்று மருந்துக் கடைக்காரர் ஒரு தாடையைத் தூக்கிக் காட்டிக் கேட்பார்.

"பல்லுக்கு நகல் வேணும்டா. இல்லன்னா வாய் மூடாது. பாட்டுக்கு என்ன கேடு?"

இந்த வெறிக்குக் காரணம் என்ன என்பதைக் கல்யாணமாகி ஐந்தாறு வருடம் கழித்துத்தான் மனைவி எனக்குச் சொன்னாள். மச்சானுக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு குழு இருந்தது. கிதார் இவர், டிரம்ஸ் இப்போதைய மருந்துக் கடைக்காரர், கூட இன்னொருவர். இவருடைய கிதாரில் ஏழு ஸ்வரத்தில் ஒரு துணுக்கு பிறந்தது. அதை வைத்து ஒரு பாட்டுக் கட்டினார்கள். ஒலிப்பதிவுக்கு நாளும் குறித்தாயிற்று. இரண்டு நாள் இருக்கும்போது இவர், "இதை நான் எங்கேயோ கேட்டிருக்கேன். எங்கேன்னு தெரியற வரைக்கும் வாசிக்க மாட்டேன்" என்று கிதாரை இறக்கி வைத்துவிட்டார். குழு கலைந்தது. முப்பத்தொரு வருடமாக இவர் கேட்கும் ஒவ்வொரு தட்டும் அந்த ஏழு ஸ்வரத்தின் சொந்தக்காரனைத் தேடித்தான். நாங்கள்தான் அதை ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் துணுக்கு எனக்கும் தெரியும். மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போதெல்லாம் அதைத்தான் முணுமுணுப்பார். மச்சான் எதிரில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

சென்ற மாதம் எனக்கு ஒரு தட்டு வந்தது. இருநூறு பிரதிகள் மட்டும் வெளியிட்டுவிட்டுக் காணாமல் போன ஒரு பழைய குழுவின் தட்டை மறுபதிப்பாகக் கொண்டுவந்திருந்தார்கள். முதல் பக்கத்தைக் கேட்டேன். இரண்டாம் பக்கத்தைக் கேட்காமலே எழுதினேன். இந்தத் தொழிலில் அது புதிதல்ல, ஒப்புக்கொள்வதுதான் புதிது. "இப்படியோர் ஒலி இதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை" என்று முடித்து அனுப்பிவிட்டேன். பத்திரிகை வெளிவந்த அன்று, முகம் மழித்தபடி சும்மா இரண்டாம் பக்கத்தை ஓடவிட்டால், முதல் பாட்டிலேயே மாத்திரை அட்டை கத்தரிக்கும் அதே மெட்டு. மச்சானின் பாட்டுக்குச் சரியாக ஒரு வருடம் முந்தியது. பாதி முகச் சோப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"உடைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"உங்க அண்ணன் உடைஞ்ச துண்டைக் கொண்டாங்கம்பாரு. ஒட்டிடுவாரு. தொழிலே அதுதானே?"

"எழுதறதுக்கு முன்னாடி முழுசாக் கேட்டிருக்கலாம்ல?" அவள் விளையாடவில்லை. "உங்களுக்கு ஆயிரம் பாட்டு இருக்கு. அண்ணனுக்கு அது ஒண்ணுதாங்க. அதுவும் சுட்டதுன்னு ஆயிட்டா, அப்புறம் என்ன இருக்கு அவருக்கு?"

உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஞாயிறன்று வாசலிலேயே, "'பின்னும் இல்லை'யைக் கொண்டாந்தீங்களா?" என்றார் மச்சான். என் வரியையே தட்டுக்குப் பெயராக வைத்துவிட்டார். முதல் பக்கத்தில் இரண்டு திருட்டுகளைப் பிடித்தார். உற்சாகமாக இருந்தார். நான் தட்டை உறையில் போடக் கை நீட்டினேன்.

"ரெண்டாவது பக்கம்?"

"அது அவ்வளவு நல்லா இருக்காது மச்சான்."

"நல்லா இல்லாததுக்கா இவ்வளவு பில்டப்?"

விவரம் தெரியாத மருந்துக் கடைக்காரர் அதற்குள் தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார். துணுக்கு வந்ததும் அவர் முகம் வெளுத்தது. மச்சானின் அரம் நின்றது. பாட்டு முடியும்வரை "சுட்டது" என்ற சொல் வரவில்லை.

"என்ன வருஷம் மாப்ளே?"

சொன்னேன்.

"நீ இதைக் கேட்டிருக்கவே முடியாதுடா," என்றார் மருந்துக் கடைக்காரர் அவசரமாக. "மொத்தமே இருநூறு தட்டு. நம்ம பக்கமெல்லாம் வந்தே இருக்காது."

"ஒரே நேரத்துல ரெண்டு மேதைகளுக்கு ஒரே மாதிரி தோணுறது உண்டு," என்றேன் நான். என் பத்திரிகைக் குரல் என் காதிலேயே விழுந்தது. வெட்கமாக இருந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. திரும்பப் போடு."

மூன்று முறை போட்டோம். மூன்றாம் முறை மச்சான் கூடவே முனகினார். இத்தனை வருடத்தில் அவர் எதையும் முனகி நான் கேட்டதில்லை. பாதியில் நிறுத்திவிட்டு மருந்துக் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"டேய், நம்ம பாட்டை நீ பாடு."

"வேணாம்டா."

"பாடுடா."

அவர் தயங்கித் தயங்கிப் பாடினார். தட்டில் இருப்பது அச்சாக வந்தது.

"இத்தனை வருஷமா இப்படியா பாடிட்டிருக்கே? தப்புடா! கடைசியில கீழ இறங்குறே."

"நீ அப்படித்தானே வாசிச்சே?"

"நான் எப்படா அப்படி வாசிச்சேன்? நீ டிரம்ஸைப் போட்டு மொத்துற மொத்துல உனக்கு என் கிதார் எங்க கேட்டுச்சு?"

"அப்ப முதல் ஆறு ஸ்வரம்?"

"அவன்துதான். அப்ப ரேடியோவுல வெளிநாட்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாத் தேடி அலைஞ்சோமே, எங்கேயாவது காதுல விழுந்திருக்கும். ஆறும் சுட்டது. ஒத்துக்கறேன்." ஏதோ பெரிய பாரம் இறங்கினவர் போலச் சிரித்தார்.

"மிச்சம் ஒத்தை ஸ்வரம். அதுக்காகவாடா எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினே?" மருந்துக் கடைக்காரருக்குக் கோபமா அழுகையா தெரியவில்லை. மாவு டப்பாவைக் கவிழ்த்து இரண்டு விரலால் தட்டத் தொடங்கியிருந்தார்.

மச்சான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று பாடினார். கரகரத்த குரல். ஆறு ஸ்வரமும் தட்டில் இருந்தபடியே நடந்தன. ஏழாவதற்குக் குரல் எட்டவில்லை, உடைந்து காற்றாகப் போயிற்று. அவர் விடவில்லை. மாவு படிந்த வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, அந்த ஸ்வரம் போயிருக்க வேண்டிய இடத்தை எங்களுக்குக் காட்டியபடியே நின்றார்.