மூளைப் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர், கடலடியில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். காய்ச்சலோடு படுத்திருந்தவர் ஒரு காலையில் என்னை ஏறிட்டுப் பார்த்து, "சிஸ்டர், போட்டு எப்ப கிளம்புது?" என்று கேட்டார். கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றது நான்தான். மாதாவே, கட்டின பெண்டாட்டியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள், பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைக் காட்டினார். மூளையின் இரண்டு பாதிகளையும் சேர்க்கிற பாலத்தில், நட்டநடுவே, ஒரு வெள்ளைப் புள்ளி.

"லேசான மூளைக்காய்ச்சல். வைரஸாலதான்னு நினைக்கிறோம். சாதாரணப் படத்துல மங்கலா இருக்கு. மூளைக்குள்ள தண்ணியோட அசைவைக் காட்டுற இந்தப் படத்துல பாருங்க, பளிச்சுன்னு தெரியுது. அந்த இடத்துல வீக்கம். இந்த மாதிரிப் புள்ளி பெரும்பாலும் தானா மறைஞ்சிரும். அடுத்த வாரம் மறுபடி எடுத்துப் பார்ப்போம்."

"மறையலன்னா?"

"வேற காரணம் தேடணும்."

பெரும்பாலும் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எப்படிக் கண்ணை மூடுவது? கட்டிலுக்கு அடியில் பாயை விரித்தேனே தவிர, படுக்கவில்லை.

இது போதாதென்று அவருடைய அண்ணன் வந்து சேர்ந்தார். சங்குக்குப் போகிற போட்டு அவருடையது. தம்பி கடலுக்குள் இருக்கும்போது, கம்ப்ரசரிலிருந்து காற்று போகிற குழாயைப் பிடித்தபடி மேலே நிற்பவரும் அவர்தான்.

"இது காய்ச்சல் இல்லளா, பிரஷர் அடிச்சிருக்கு" என்றார். "திரும்ப அதே ஆழத்துக்கு இறக்கி, மெதுவா மேல ஏத்தினா சரியாயிரும். எனக்குக் கால் விளங்காமப் போனப்ப அப்படித்தான எந்திச்சேன்?"

எங்கள் கரையில் இது நடப்பதுதான். ஆழத்திலிருந்து சட்டென்று ஏறியவனுக்குக் கை கால் மரத்துப்போனால், பிரஷர் அடித்துவிட்டது என்று மறுபடியும் கடலிலேயே இறக்குவார்கள். பிழைத்தவர்கள் வந்து கதை சொல்வதால் எல்லோருக்கும் நம்பிக்கை.

"அத்தான், அவியளுக்கு என்னையே அடையாளம் தெரியல. கடலுக்குள்ள குழாயக் கடிச்சிக்கிடணும்னு மட்டும் தெரியுமா?"

"நான் கூடவே இறங்குதேன்."

தினமும் இதே பேச்சு. எனக்குச் சலித்துவிட்டது. ஒரு மத்தியானம் டீ வாங்கப் போய்த் திரும்பினால், அண்ணன் தம்பிக்குச் சட்டை மாட்டிக் கட்டிலில் உட்கார வைத்திருக்கிறார். வாசலில் ஆட்டோ நிற்கிறதாம். வந்ததே ஆத்திரம்! டீயைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினேன். "இவியள கடல்ல இறக்கணும்னா மொதல்ல என்னக் கல்லக் கட்டி இறக்கிட்டுப் போங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்தார். தொலைந்து போனால் தேவலை என்றிருந்தது. போகவும் இல்லை, அதன் பிறகு வார்டுக்குள் வரவும் இல்லை மனுஷன்.

நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கியது. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஒருநாள் என் வீட்டுக்காரர் என்னை அடையாளம் கண்டு, "ஏளா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். அழக்கூட எனக்குத் தெம்பில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். ஆனாலும் அந்தப் புள்ளி போனால்தான் நிம்மதி.

மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டாக்டரம்மா தன் அறையில் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதில் புள்ளி இருந்தது. புதியதில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. "மறைஞ்சிருச்சும்மா" என்றார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணன் மெல்லக் கேட்டார். "அப்ப பிரஷர் இல்லையா டாக்டர்?"

"இல்லைங்க. பிரஷர்னா படம் இப்படி இருக்காது. முதுகு நீரும் காய்ச்சல்னுதான் சொல்லுது. இவர் கடலுக்கே போகாம வீட்டுல இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

"வேகமா இழுத்ததால வரலையே?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "யார் இழுத்தா?"

"நாந்தான். கடைசியாப் போன அன்னைக்கு கம்ப்ரசர் நின்னு போச்சு. தம்பிக்கு மூச்சு முட்டிருமேன்னு ஒரே இழுப்புல மேல தூக்கிட்டேன். மறுநா காய்ச்சல்னு படுத்துட்டான். எந்தம்பிய நானே கெடுத்துட்டேன்னுல்லா இத்தன நாளும்..."

முடிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுகிறார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம், சக்கர நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "சிஸ்டர், எங்க அண்ணன் வந்திருக்கானா? வந்தா உள்ள வரச் சொல்லுங்க. அவன் ரொம்ப பயந்திருப்பான்."