படத்தில் சிரித்த ரோச்

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற அம்புரோஸ் செத்து ரெண்டு வருசம் ஆகியிருந்தது. அவன் மச்சினன் ரோச் அதற்குப் பிறகு வள்ளத்தில் கால் வைக்கவில்லை. துறைமுகத்தில் உப்பு மூடை சுமந்தான். சாப்பாடு அக்கா ஆக்னஸ் வீட்டில். தாலியறுத்த அக்காளைத் தாங்குகிறான் என்று ஊர் மெச்சியது. அந்த மெச்சல்தான் அவன் தொண்டையில் முள்.

எழுபத்தைந்தில், மாதா கோயில் திருவிழா முடிந்த மறுவாரம், ஜெபசிங் வாத்தியார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஆக்னஸம்மா, டவுன்ல மூணு நாள் டாக்குமென்டரி படவிழா நடத்துதோம். நெசமான ஆளுக, நெசமான பொழப்பு. பம்பாய்க்காரங்க இங்கன வந்து எடுத்தாங்கல்லா, அந்தப் படமும் உண்டு. நம்ம ஊர்ப் படம்னு மூணு நாளும் அதத்தான் மொதல்ல போடுதோம்."

ஆக்னஸ் அரிந்துகொண்டிருந்த மீனை அப்படியே விட்டாள். "அவுக மூஞ்சி தெரியுமா சார்?"

"பெரிசா தெரியும்மா."

புருசன் போட்டோ என்று அவளிடம் ஒன்றுகூடக் கிடையாது. ரோச் அவசரமாகச் சொன்னான்: "யக்கா, அது இங்கிலீசுப் படம். ஒண்ணும் வெளங்காது."

"புருசன் மூஞ்சியப் பாக்க இங்கிலீசு எதுக்குலே?"

அவன் பயம் அவளுக்குத் தெரியாது.

முத்துக்குளிப்பு நின்று பன்னிரண்டு வருசம் கழித்து வந்தார்கள் அந்தப் படக்காரர்கள். காலுக்குக் கல், இடுப்புக்குக் கயிறு என்று பழைய முறையில் குளித்துக் காட்டச் சொன்னார்கள். கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்கிற வழக்கமில்லை. பெண்டாட்டி கூடப்பிறந்தவன்தான் பிடிக்கணும். அக்கா தாலி போனால் அவனுக்கும்தானே நோவு! கீழே உள்ளவன் கயிற்றைச் சுண்டினால் அந்த நொடியே இழுக்கணும். பேச்சு, பீடி, வேடிக்கை ஒன்றும் ஆகாது.

மூணாம் நாள் கடைசி முங்கலில் அம்புரோஸைப் பிணமாகத்தான் தூக்கினார்கள். மூக்கிலும் காதிலும் ரத்தம். "கயிறு அசையவே இல்ல" என்று ரோச் சாமியாரிடம் சொன்னான். அக்காளிடமும் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். உண்மை தன் உள்ளங்கைக்கு மட்டும்தான் தெரியும் என்று அவன் நினைத்திருந்தான்.

விழாவில் அக்காளுக்கும் தம்பிக்கும் முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். விளக்கு அணைந்ததும் அம்புரோஸ் வந்தான். திரை கொள்ளாத முகம், வெற்றிலைக் கறைப் பல், புருவத்தில் தூண்டில் கிழித்த தழும்பு. ஆக்னஸ் எழுந்தே நின்றுவிட்டாள். "உக்காரும்மா, மறைக்குது" என்று பின்னால் ஒருவர் சத்தம் போட்டார். சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "எளைச்சிருக்காவ பாருலே" என்று தம்பி முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் ரோச் வந்தான், பூசைக்குப் போகிற கட்டம் போட்ட சட்டையில். அம்புரோஸ் செத்த அந்த மூணாம் நாள் மட்டும்தான், கடைசி நாள் படமாச்சே என்று அதைப் போட்டுப் போனான். இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் ஆக்னஸ்தான்.

திரையில் ரோச் காமிரா பக்கம் திரும்பிச் சிரித்தான். பல் அத்தனையும் தெரியச் சிரித்தான். கூடமே அவனோடு சேர்ந்து சிரித்தது. கீழே, அவன் கைக்குள் கயிறு ஒருதரம் சுண்டியது. இன்னொரு தரம். மறுபடியும். சிரித்து முடித்த பிறகுதான் படத்து ரோச் குனிந்தான். அடுத்து திரையில் ஒரு சங்குக் குவியல்.

முழங்கையைப் பிடித்திருந்த அக்காள் கை விலகியது.

வெளியே வந்ததும் கேட்டாள்: "எத்தன தடவலே?"

"யக்கா..."

"நான் எண்ணுனது மூணு."

"மூணுதான்."

"கையில தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. அந்தக் காமிராக்காரன் சிரி, சிரின்னான். ஒரு நொடிதானேன்னு..."

செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் ரோச் பிழைத்திருப்பான். அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள்.

மறுநாளும் ஆக்னஸ் படம் பார்க்கப் போனாள். ரோச் கூடத்து வாசலில் நின்றான்.

"யக்கா, அவுக மூஞ்சி மொதல்லயே வந்துருதுல்லா. பாத்த ஒடனே எந்திரிச்சு வந்துரு. அங்குட்டு இருக்கிறதப் பாக்காத."

அப்போதுதான் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கயித்தச் சுண்டுனது ஆரு? அவுக கைதான? அப்ப உசுரோட இருந்தாவல்லா. நான் பாக்காம வேற ஆருலே பாப்பா?"

விழாவின் மூணாம் நாள் ரோச் உள்ளே போகவில்லை. சுவரோரம் நின்றான். உள்ளே கூடம் சிரிக்கிற சத்தம் கேட்டது. எந்த இடத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்கா தெரியாது? பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று, ரெண்டு, மூணு என்று எண்ணினான்.

ஆக்னஸ் வெளியே வந்தாள். அவனைத் தாண்டிப் போகிறவள் போல ரெண்டெட்டு வைத்து நின்றாள்.

"படப்பெட்டிய நாளைக்கு மதுரைக்குக் கொண்டு போறாவளாம். இனி அவுக மூஞ்சிய எங்கன பாக்க?"

அவள் பதிலுக்கு நிற்காமல் நடந்தாள்.