எர்சீலியா பார்த்த ரோமாபுரி

ரோமாபுரியின் நடுவில், ஆற்றுக்குப் பக்கத்துச் சந்துகளில், ஐந்து பழைய மாளிகைகளின் படிக்கட்டுகளை எர்சீலியா இருபத்திரண்டு வருஷமாகக் கழுவி வந்தாள். அவள் குடியிருந்தது ஊரின் கிழக்கு ஓரத்தில், குவார்த்திச்சோலோவில். விடியும் முன் பஸ் ஏறுவாள், வாளியும் துடைப்பமும் எடுப்பாள், மேல் மாடியிலிருந்து கீழ்ப்படி வரை கழுவித் தள்ளுவாள், மதியம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவாள். உலகமே பணம் கட்டிப் பார்க்க வருகிற ஊரில் பிறந்து, ஐம்பத்து நான்கு வயது வரை அவள் நன்றாகப் பார்த்ததெல்லாம் படிகள்தான். ஒவ்வொரு படியும் எங்கே தேய்ந்திருக்கிறது, எந்த மூலையில் அழுக்கு ஒளிந்துகொள்ளும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

அந்த வருஷம் நான்காவது மாளிகையின் முதல் மாடிக்குப் பத்திரம் எழுதுகிற அலுவலகம் ஒன்று வந்தது. வருகிறவர்கள் வழுக்கி விழுந்தால் வம்பு என்று, பதினொன்றரை மணி வரை ஈரப்படி கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது மாளிகை பத்து மணிக்கு முடிந்துவிடும். ஆக நடுவில் ஒன்றரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். காப்பிக் கடையில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, நாற்காலியில் உட்கார்ந்தால் மூன்று மடங்கு. காப்பிக்குக் கொடுக்கலாம், நாற்காலிக்கு யார் கொடுப்பது? சதுக்கத்து நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்து நாளைத் தள்ளினாள். நவம்பர் பிறந்தது. ஒருநாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் ஓடினாள். அது அகுஸ்தினார் கோயில்.

ஜெபிக்க வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. இடது பக்கம் முதல் பீடத்துக்கு எதிரே ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்து, நனைந்த காலணியைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள். பீடத்துக்கு மேலே ஏதோ பெரிய படம் தொங்குவது தெரிந்தது. இருட்டில் கரும்பலகை போலத்தான் இருந்தது.

அப்போது மழைக்கோட்டுப் போட்ட வெளிநாட்டுக்காரன் ஒருவன் வந்து, சுவரில் இருந்த பெட்டியில் காசு போட்டான். ‘டக்’ என்று ஒரு சத்தம். விளக்கு எரிந்தது.

எர்சீலியா அசந்துபோனாள்.

ஒரு வீட்டு வாசல். நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு, வெறுங்காலில் ஒரு பெண் நிற்கிறாள். யாரோ கூப்பிட்ட சத்தம் கேட்டு, அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு வந்தவள் போல. தலையைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் மட்டும் இல்லாவிட்டால் மாதா என்றே தெரியாது. பக்கத்துச் சுவரில் காரை பெயர்ந்து செங்கல் தெரிகிறது. அவள் காலடியில் ஒரு கிழவனும் கிழவியும் மண்டியிட்டுக் கைகூப்பி இருக்கிறார்கள். கிழவனுடைய இரண்டு உள்ளங்கால்களும் பார்க்கிறவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அழுக்கென்றால் அழுக்கு, அப்படி ஒரு அழுக்கு. எத்தனையோ நாள் நடந்து வந்த மண் அப்பிய கால்.

“அடப்பாவி, படியைப் பாழாக்கிட்டியே!” என்று அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். பிறகு மாதாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. காலைத் துடைத்துக்கொண்டு வா என்று அவள் சொல்லவில்லை. குனிந்து, பிள்ளையை இன்னும் கொஞ்சம் முன்னால் காட்டிக்கொண்டு நின்றாள்.

‘டக்.’ போட்ட காசுக்கான நேரம் தீர்ந்து விளக்கு அணைந்தது. வெளிநாட்டுக்காரன் போய்விட்டான். எர்சீலியா இருட்டையே பார்த்துக்கொண்டு பதினொன்றே முக்கால் வரை உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக நான்காவது மாளிகைக்குத் தாமதமாகப் போனாள்.

மறுநாள் மழை இல்லை, இருந்தும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். அவள் காசு போடவில்லை. பெஞ்சில் காத்திருப்பாள். காலை நேரத்தில் எப்படியும் இரண்டு மூன்று பேர் வந்து போடுவார்கள். ஒருவர் போட்ட வெளிச்சத்தில் பத்துப் பேர் பார்க்கலாம், வெளிச்சம் குறையவா போகிறது? ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த கோயில் காவலாளி கேட்டே விட்டார்.

“ஏம்மா, தினமும் வர்றீங்க, பெட்டில ஒரு காசு கூடப் போட மாட்டேங்கிறீங்களே?”

“நான் இருட்டுக்கு வர்றவ ஐயா. வெளிச்சம் தானா வருது.”

காவலாளி சிரித்துவிட்டார். அதன் பிறகு வணக்கம் சொல்லும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது.

வீட்டில் இதைச் சொன்னபோது அவள் கணவன் ஒரெஸ்தே, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தான். அவன் தரைக்குக் கல் பதிக்கிறவன். முப்பத்தைந்து வருஷம் மண்டியிட்டே வேலை செய்து முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. சிவப்புக் கட்சிக்காரன். கல்யாணத்தன்று கோயிலை விட்டு வெளியே வந்ததுதான், பிறகு உள்ளே காலை வைக்கவில்லை.

“கரண்டுக்கும் காசு வாங்குறானுங்களா சாமியாருங்க? நல்ல யாபாரம்!”

“நான் எங்கய்யா குடுத்தேன்? ஜெர்மன்காரன் குடுக்குறான், நான் பாக்குறேன்.”

“அப்பச் சரி. பொண்டாட்டி சாமியாருங்களையே ஏமாத்துறா. பெருமையா இருக்கு.”

“நீ ஒரு தடவை வந்து பாரேன்.”

“என் முட்டி எந்தச் சாமிக்கும் மடங்காது. மடங்குனாலும் நிமிராது. கீரையை இப்படித் தள்ளு.”

எர்சீலியா அவனை விட்டுவிட்டாள். ஆனால் அவளுக்குள் ஒரு கதவு திறந்துகொண்டது. ஒன்றரை மணி நேரத்தில் நடந்து போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் எத்தனை கோயில் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினாள். ஒரு கோயிலில் கூரையே இல்லாமல் நேரே சொர்க்கம் தெரிந்தது. கழுத்து வலிக்கப் பார்த்த பிறகுதான் அது தட்டைக் கூரையில் தீட்டிய வேலை என்று புரிந்தது. புரிந்த பிறகும் நம்ப முடியவில்லை. எங்கேயும் சீட்டுக் கேட்கவில்லை. ‘இதையெல்லாம் இத்தனை நாள் திறந்துதானே வச்சிருந்தாங்க!’ என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாகவும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மாதத்தின் கடைசி ஞாயிறு வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது என்று காவலாளி சொன்னார். தனியாகப் போகப் பயந்து, எதிர் வீட்டு நோர்மாவைக் கூப்பிட்டாள். நோர்மா சந்தையில் கோழி விற்கிறவள். தூக்கத்திலும் பேசுவாள் என்று தெருவில் பெயர்.

“சும்மான்னா வர்றேன். ஆனா சோறு யாரு கொண்டு வர்றது?”

“முட்டை அடை வச்ச ரொட்டி நாலு எடுத்துட்டு வர்றேன், வாடி.”

மதில் ஓரமாக இரண்டு மணி நேர வரிசை. வத்திக்கான் மதிலின் உயரம், முன்னால் நின்ற கன்னியாஸ்திரீகளின் செருப்பு, கோழி விலை, மருமகளின் சமையல் என்று நோர்மா ஒன்றையும் விடவில்லை. வரிசை நகர்வதற்குள் ரொட்டி தீர்ந்துவிட்டது. உள்ளே போய், நீள நீளமான கூடங்களில் கூட்டம் தள்ளத் தள்ள நடந்து, கடைசியில் ஒரு சின்ன வாசல் வழியாக அந்தப் பேர்பெற்ற சிற்றாலயத்துக்குள் நுழைந்தார்கள். இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

தலைக்கு மேலே, முகடு முழுக்கத் தீட்டிய மனிதர்கள். நீட்டிய கைகள், திரும்பிய முதுகுகள், பறக்கிற சீலைகள். நேற்றுத்தான் பூசினார்கள் என்பது போல ஆரஞ்சும் பச்சையும் பளபளத்தன. ஒரு மனிதன், தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு, நாளெல்லாம் இந்த முகட்டில் வேலை செய்தான் என்று நினைத்ததும் எர்சீலியாவுக்குத் தோள்பட்டை வலித்தது. உயரமான ஜன்னல்களைத் துடைக்கும்போது வருகிற வலி. அரை மணி நேரத்தில் அவள் கை விறைத்துவிடும்.

நோர்மாவிடம் எதுவோ சொல்லத் திரும்பினாள். நோர்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெளியே வந்து, பஸ் ஏறி, குவார்த்திச்சோலோவில் இறங்கும் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் நின்றுதான் வாயைத் திறந்தாள்.

“அடுத்த மாசமும் போலாம். ரொட்டி நான் கொண்டு வர்றேன்.”

மறுநாள் இரண்டாவது மாளிகையின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தாங்க்ரேதி சீமாட்டி கதவைத் திறந்து, “என்ன எர்சீலியா, இன்னைக்குக் கழுத்தைப் பிடிச்சிட்டே வேலை பாக்குறே?” என்று கேட்டாள். வத்திக்கான் முகட்டைப் பார்த்ததால் வந்த சுளுக்கு என்று எர்சீலியா சொன்னாள். 

“நான் பள்ளிக்கூடத்துல படிக்கறப்போ பாத்தது,” என்றாள் சீமாட்டி. “இப்பவும் அப்படியேதான் இருக்கா?”

“அப்படியே இருக்கும்மா. உங்களுக்காகத்தான் காத்துட்டு இருக்கு.”

ஒரெஸ்தே மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. மார்ச் மாதத்தில் ஒருநாள் முழங்கால் வைத்தியரைப் பார்க்க ஊருக்குள் வந்தவன், திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டான். பஸ் வேலைநிறுத்தம். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வண்டிகள் ஓடும். மழை வேறு. அவனுக்குத் துணையாக நின்ற எர்சீலியா கையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்கார இடம் இருக்கு, வா.”

“எங்கே?”

“அகுஸ்தினார் வீட்டுல.”

“எனக்கு அந்த ஆளைத் தெரியாது.”

“அவருக்கும் உன்னைத் தெரியாது. அதனால உள்ள விடுவார். வாய்யா, நனையாதே.”

முணுமுணுத்துக்கொண்டே வந்தான். வாசலில் தொப்பியைக் கழற்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும், தரையைப் பார்த்து, “நல்ல கல்லு, ஒழுங்காப் பதிச்சிருக்கான்,” என்று மட்டும் சொன்னான். இருவரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து இரண்டு பெண்கள் வந்து காசு போட்டார்கள். ‘டக்.’

ஒரெஸ்தே முதலில் சும்மா பார்த்தான். பிறகு எழுந்தான். நொண்டி நொண்டிப் பீடத்துக்கு அருகே போனான். எர்சீலியா மாதாவின் முகத்தைக் காட்டப் போனாள். அவன் அங்கே பார்க்கவில்லை.

“இந்தக் கிழவன் மண்டி போட்டிருக்கற விதத்தைப் பாரு,” என்றான் மெதுவாக. “பாரத்தை எங்கே குடுக்குறான் பாரு. விரல் நுனியை ஊனிக்கிட்டு... மொத்தமா முட்டில இறக்க முடியாது, வலிக்கும். காலு நம்மாளு காலு. இதை வரைஞ்சவன் எங்கயோ நின்னு பாத்திருக்கான். கல்லு பதிக்கறவனை, கூலிக்காரனைப் பின்னாடி நின்னு பாத்திருக்கான். எங்க பின்னாடி வந்து யாருடி நின்னு பாப்பாங்க?”

விளக்கு அணைந்தது. ஒரெஸ்தே இருட்டில் நின்றான். அவன் கை சட்டைப்பையைத் துழாவுவது எர்சீலியாவுக்குக் கேட்டது.

“சாமியாருக்கா குடுக்கப்போறே?” என்றாள்.

“சாமியாருக்கு எதுக்குக் குடுக்கறேன்? இது கரண்டுக்கு.”

நான்கு முறை போட்டான். நான்காவது முறை தொப்பி அவன் கையில் இருந்தது. எப்போது கழற்றினான் என்று அவளும் பார்க்கவில்லை, அவனுக்கும் தெரியாது.

பெந்தகோஸ்தே திருநாள் ஞாயிறன்று பாந்தெயோனுக்குப் போகலாம் என்று இந்த முறை அவன்தான் சொன்னான். நடுவில் வானத்தைப் பார்க்கத் திறந்த வட்ட ஓட்டை உள்ள அந்தப் பழங்காலக் கோயிலில், பூசை முடிவில் ஏதோ நடக்கும் என்று கட்சி அலுவலகத்தில் தீயணைப்புப் படைக்காரன் ஒருவன் அவனிடம் சொல்லியிருந்தான். என்ன நடக்கும் என்று மட்டும் அந்தத் தீயணைப்புக்காரன் சொல்லவில்லை. எட்டு மணிக்கே போய் நின்றார்கள். நோர்மாவும் ரொட்டியோடு வந்தாள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஒரெஸ்தே ஒரு தூணில் சாய்ந்து நின்று தரையையே ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“நடுவுல லேசா மேடு, பாத்தியா? அங்கங்கே பொத்தல். மேல இருந்து விழற மழைத்தண்ணி தானா ஓடிரும். ரெண்டாயிரம் வருஷமா ஓடுது! நான் போட்ட குளியலறையில ரெண்டு வருஷத்துல தண்ணி தேங்குது.”

“தரையை விட்டுட்டுக் கொஞ்சம் மேல பாருய்யா!” என்றாள் எர்சீலியா.

பூசை முடிந்து பாட்டு எழுந்தது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. மிக மிக உயரத்தில், அந்த வட்ட வானத்தின் விளிம்பில், சின்னதாக ஒரு கை தெரிந்தது. சிவப்பாக ஏதோ ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கணக்கில்லாமல். ரோஜா இதழ்கள். ஓட்டை வழியாகச் சாய்ந்து இறங்கிய வெயில் கற்றைக்குள் அவை சுழன்று சுழன்று, அவசரமே இல்லாமல் இறங்கின.  எர்சீலியா இரண்டு கையையும் நீட்டினாள். இதழ்கள் உள்ளங்கையில் எடையே இல்லாமல் வந்து உட்கார்ந்தன. சோடாக்காரமும் வென்னீரும் தின்ற அந்தக் கையில் அவற்றின் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. அவளுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. பக்கத்தில் ஒரெஸ்தே வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் வழுக்கைத் தலையில் மூன்று இதழ்கள். அவன் தட்டிவிடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எதிரே இருந்த பெண் ஒருத்தி அவர்கள் தலையிலும் தோளிலும் ஒட்டியிருந்த இதழ்களைப் பார்த்துவிட்டு, “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டாள்.

“கல்யாணம் இல்லம்மா. மேல இருந்து கொட்டுனாங்க,” என்றாள் எர்சீலியா.

“சீட்டு எவ்வளவு?”

“சீட்டே இல்ல. சும்மாதான்.”

அந்தப் பெண் நம்பவில்லை. அவளை நம்ப வைக்க வேண்டும் என்று ஒரெஸ்தே முன்னால் குனிந்து, இதழ் விழுந்ததிலிருந்து ஆரம்பித்து, தரையின் மேடு, பொத்தல், மழைத்தண்ணி ஓடுகிற வாட்டம் வரை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். பின்னால் இருந்தவர்களும் காதைக் கொடுத்தார்கள். அவன் முடித்தபோது குவார்த்திச்சோலோ நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது. இறங்கி, மூவரும் வெயிலில் ஒரு நிறுத்தம் பின்னோக்கி நடந்தார்கள். முழங்கால் வலிக்கிறது என்று ஒரெஸ்தே ஒருமுறைகூடச் சொல்லவில்லை.