பக்கத்தில் போனவன்

எங்கள் ஊர் பெல்டனில் ஐஸ் ஹாக்கி ஆடுகிற ரிங்கின் வடக்குச் சுவரில் இங்கிலீஷ் ராணியின் படம் மாட்டியிருக்கும். அதற்குக் கீழே மூன்று ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி பழைய ஸ்கேட்ஸ் தொங்கும். ஊர்ப் பையன் எவனாவது பெரிய லீக்கில் ஒரு நிமிஷம் ஆடிவிட்டால் போதும், சின்ன வயதில் அவன் போட்டிருந்த ஸ்கேட்ஸை வாங்கி வந்து அங்கே மாட்டிவிடுவார்கள். அப்படிப்பட்டவனை 'மேலே போனவன்' என்போம். செத்துப் போனவனையும் அப்படித்தான் சொல்வோம். இரண்டுக்கும் ஒரே வார்த்தையா என்று யாரும் யோசித்ததில்லை.

நான்காவதாக ஒரு ஆணியும் உண்டு. அதை அடித்தவர் எங்கள் அப்பா டானிலோ டான்யுக். அவர் கடல் தாண்டிப் பிழைக்க வந்து, ரயில்பாதையில் கட்டை மாற்றும் கூட்டத்தில் வேலை பார்த்தவர். என் தம்பி ஓரெஸ்டுக்குப் பதினாறு வயதில் பெரிய லீக் அணி ஒன்று கையெழுத்து வாங்கிக்கொண்டது. அன்று வேலை முடிந்த கையோடு சுத்தியலுடன் ரிங்குக்கு வந்து, ஒருவரையும் கேட்காமல், தண்டவாளத்தில் அடிக்கிற ஆணி ஒன்றை மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் இறக்கினார். மற்றவை படம் மாட்டுகிற ஆணிகள். இவர் அடித்ததில் ஒரு காளையைக் கட்டலாம். ஊர் சிரித்தது. மூன்று ஸ்கேட்ஸுக்கும் மேலே எழுதியிருந்தவை இங்கிலீஷ்காரப் பெயர்கள். நான்காவதாக எங்கள் பெயரை எழுதும்போது பெயிண்டர் எழுத்துக்கூட்டித் திணற வேண்டும், அதை நின்று பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

நான் நாதியா. அந்த ரிங்கில் தின்பண்டக் கடை நடத்துகிறேன். உருளைக்கிழங்கு வறுவல், அதன்மேல் குழம்பு, காபி. என் கடைக்கு நேர் எதிரில் அந்தச் சுவர். பதினைந்து வருஷம் காலி ஆணியைப் பார்த்துக்கொண்டேதான் எண்ணெய்ச் சட்டியில் கிழங்கைக் கொட்டினேன்.

ஓரெஸ்ட் கோல்கீப்பர். நல்ல கோல்கீப்பர். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, எனக்கு அப்படியெல்லாம் மனசு கிடையாது. அவனை வாங்கிப்போட்ட அணியில் ஏற்கெனவே ஒரு கோல்கீப்பர் இருந்தான். காய்ச்சல் வராது, காலில் சுளுக்குகூட விழாது. அந்த மனுஷனுக்கு ஒரு பல்வலியாவது வரட்டும் என்று அம்மா வருஷக்கணக்கில் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மாதா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓரெஸ்ட் கீழ் லீக்குகளில் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் ஆடினான். இரண்டு தடவை மேலே கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் கவசமெல்லாம் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். பெஞ்சு கணக்கில் சேராது என்று ரிங்க் கமிட்டி சொல்லிவிட்டது.

ரிங்க் கமிட்டி என்றால் எல்மர் தோர்பர்ன். ஊரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். ஓரெஸ்டை வாங்கிப்போட்ட அந்தப் பெரிய லீக் அணிக்கு எங்கள் பக்கத்துப் பையன்களைப் பார்த்துச் சொல்கிற ஆளும் அவரே. ஓரெஸ்டைச் சொல்லிவிட்டதும் அவர்தான். அதற்காக அந்த அணி தன் சின்னம் தைத்த கோட்டு ஒன்றை அனுப்பியிருந்தது. கல்யாணம், சாவு, சர்ச் எல்லாவற்றுக்கும் அதையே மாட்டிக்கொண்டு வருவார்.

1972 கோடையில் பழைய பெரிய லீக்குக்குப் போட்டியாகப் புதிதாக ஒரு லீக் கிளம்பியது. எங்கள் மாகாணத் தலைநகர் ரெஜைனாவுக்கும் ஒரு அணி. ஓரெஸ்டுக்கு வயது முப்பத்தொன்று. ரெஜைனாவிலிருந்து ஆள் வந்து, முதல் கோல்கீப்பர் நீதான், பெஞ்சு கிடையாது என்றான். ஓரெஸ்ட் அன்றைக்கே கையெழுத்துப் போட்டான். வீட்டுக்கு வந்து அம்மாவைத் தூக்கிச் சுற்றினான். அப்பா மட்டும், அது பெரிய லீக்தானா என்று கேட்டார். அவங்க அப்படித்தான் சொல்றாங்க என்றான் ஓரெஸ்ட்.

எல்மர் வேறு மாதிரி சொன்னார். என் கடையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, பத்துப் பேர் காதில் விழும்படிச் சொன்னார்.

"பய மேல போகல நாதியா. பக்கத்துல போயிருக்கான்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. மறுநாளே தபாலாபீஸில், தம்பி பக்கத்துல எப்படி இருக்கான் என்று விசாரித்தார்கள். அதன்பிறகு எல்மர் காபி கேட்டால் அடிச்சட்டியில் கிடப்பதைத்தான் ஊற்றினேன். அவர் அதையும் ரசித்துக் குடித்தார்.

புது லீக்கும் சிரிப்புக்குக் குறை வைக்கவில்லை. பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வட்டு பழைய லீக்கில் கறுப்பு என்பதால் இவர்கள் ஆரஞ்சு நிறத்தில் வட்டு போட்டார்கள். சாயம் ஏறின ரப்பர் கோணல்மாணலாகத் துள்ளியது. முதல் ஆட்டத்தை நான் போய்ப் பார்த்தேன். மாட்டுக் கண்காட்சி நடக்கிற அரங்கில் ஐஸ் போட்டிருந்தார்கள். போன வாரத்து மாடுகளின் வாடை இன்னும் போகவில்லை. ஓரெஸ்டின் சட்டையில் எங்கள் பெயரில் ஒரு எழுத்தைக் காணோம். இடைவேளையில் விளக்குச் சூட்டில் ஐஸ் இளகி, பனியன் போட்ட இரண்டு பேர் வாளியும் துடைப்பமுமாக ஓடினார்கள். இத்தனைக்கும் நடுவில் என் தம்பி நின்றான். துள்ளி வந்ததையும் உருண்டு வந்ததையும் பிடித்தான். கூட்டம் எழுந்து நின்று எழுத்துக் குறைந்த அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தியது. நான் அழுதேன், பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டை கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பி அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மாட்டுக் கொட்டகையிலா என்று மட்டும் கேட்டார்.

இன்னொரு விஷயம் நடந்தது.  ஓரெஸ்ட் கையெழுத்துப் போட்ட அடுத்த மாதமே, எந்த மனுஷனுக்கு அம்மா பல்வலி வேண்டினாளோ அவன், பழைய லீக்கின் அந்த முதல் கோல்கீப்பர், அவனும் புது லீக்கில் வேறொரு அணிக்குத் தாவிவிட்டான். ஓரெஸ்ட் இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் அந்த இடம் அவனுக்குத்தான். அம்மா செய்தியைக் கேட்டுவிட்டு மெழுகுவர்த்திப் பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டாள். இதை ஓரெஸ்டிடம் யாரும் பேசவில்லை. அவனுக்குத் தெரியாமலா இருக்கும்.

எங்கள் ஆட்களின் பழைய நாள்காட்டிப்படி ஜனவரியில்தான் எங்கள் கிறிஸ்துமஸ். வழக்கமான பன்னிரண்டு பதார்த்தமும் செய்து வைத்திருந்தோம். ஓரெஸ்ட் பனிப்புயலில் லாரி ஓட்டி வந்து சேர்ந்தான். நெற்றியில் தையல். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட்டை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். ஒரு தடவை வந்து பாருங்கள், கூட்டிப்போகவும் கொண்டுவந்து விடவும் நானே வருகிறேன் என்று கெஞ்சினான். கெஞ்சத் தெரியாதவன் அவன். அப்பா டிக்கெட்டைத் தொடவில்லை.

"சனிக்கிழமை ரேடியோல ஆட்டம் இருக்கு," என்றார். ரேடியோவில் வருவது பழைய லீக் ஆட்டம்.

"நானும் ஆடுறேன்ப்பா. அவங்கள்ல பாதிப் பேரு இப்ப எங்க லீக்லதான் ஆடுறாங்க."

அப்பா இருமி முடிக்கும்வரை காத்திருந்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்கு நெஞ்சில் சளி.

"இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து இந்த இங்கிலீஷ்காரங்க வாசலைப் பாத்துட்டு நிக்கிறேன். நீ அந்த வாசல் வழியா உள்ள போவேன்னுதான் ஆணி அடிச்சேன். நீ என்னடான்னா பக்கத்துல ஒரு கொட்டாய் போட்டுக்கிட்டு, இதுவும் வீடுதான்ங்கிற."

"வாசல்ல நானும்தான் நின்னேன். உள்ளேருந்து ஒருத்தன் எட்டிப் பாக்கல."

"இன்னும் கொஞ்சம் நின்னிருக்கணும்."

ஓரெஸ்ட் முட்டைக்கோஸ் உருண்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். அப்பாவும் 'பக்கத்தில்' என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எல்மர் சொன்னபோதுகூட அப்படி வரவில்லை. டிக்கெட்டுகளை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை அம்மாவும் நானும் போனோம்.

பிப்ரவரியில் பழைய லீக் அணியில் புதிதாக வந்த கோல்கீப்பருக்கு முழங்கால் போனது. பாதி ஆட்கள் தாவிவிட்டதால் மாற்று ஆளுக்குப் பஞ்சம். கீழ் லீக்கில் தேடித் தேடிக் கடைசியில் லைல் பொமராயைப் பிடித்தார்கள். லைல் எங்கள் ஊர்ப் பையன், பால் பண்ணைக்காரர் மகன். நல்ல பிள்ளை, என் கடையில் வாங்கினதற்கு நன்றி சொல்லாமல் போகமாட்டான். ஆனால் அவன் கோலில் நிற்பதும் கதவைத் திறந்து வைப்பதும் ஒன்று. ஒரே ஒரு ஆட்டத்தில் கடைசிப் பகுதிக்கு இறக்கினார்கள். ஐந்து கோல் விட்டான். மறுநாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஐந்து விட்டாலும் ஐம்பது விட்டாலும் ஆடினது ஆடினதுதான். லைல் மேலே போனவனாகிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ரிங்கில் விழா. பாண்டு வாத்தியம், பாதிரியார், பள்ளிப் பிள்ளைகள். எல்மர் கோட்டோடு நின்றார். லைலின் சின்ன வயது ஸ்கேட்ஸுக்குப் பாலிஷ் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார்கள். அப்பா எதற்கு வந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. முன்வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எல்மர் கொஞ்சம் தடுமாறினார். பையிலிருந்து புது ஆணி ஒன்றை எடுத்து, நான்காவது ஆணிக்கு அப்பால் சுவரில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார். அந்த மட்டுக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்பா எழுந்தார்.

"புது ஆணி எதுக்கு? அதான் ஒண்ணு சும்மா கெடக்கே. அதுல மாட்டுங்க."

 என் சட்டியில் எண்ணெய் பொரிகிற ஓசைதான் கேட்டது. எல்மர் அப்பாவையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லைலின் ஸ்கேட்ஸை எங்கள் ஆணியில் மாட்டினார். லைல் முகம் சிவந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் கை தட்டியது அப்பா. பிறகு எல்லோரும் தட்டினார்கள். நான் சட்டியை அணைத்துவிட்டுக் கடையைச் சாத்தினேன். அன்றைக்கு வறுவல் வேண்டும் என்று வந்த பிள்ளைகளை விரட்டிவிட்டேன்.

வேறு யார் சொல்லியும் அவன் கேட்கக்கூடாது என்று ஓரெஸ்டுக்கு நானே போன் போட்டேன். அவர்கள் அணி அப்போது அமெரிக்காவில் எங்கேயோ ஒரு ஊரில் இருந்தது. முழுவதையும் கேட்டுக்கொண்டான்.

"அப்பா கை தட்டுனாராக்கா?"

"தட்டுனாரு."

லைல் பாவம், அவனை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றான். பிறகு பஸ் கிளம்புகிறது என்று வைத்துவிட்டான்.

ரெஜைனா அணி கடைசி இடத்தில் முடித்தது. அந்த ஒரு வருஷம் கடைசி ஆட்டம்வரை ஓரெஸ்ட் நின்றான், ஒரு நாள்கூடப் பெஞ்சில் உட்காரவில்லை. அணி அடுத்த வருஷம் இருக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. சீசன் முடிந்த அதே வாரம் அப்பாவின் நெஞ்சுச்சளி நிமோனியாவாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரண்டாம் நாள் போய்விட்டார். ஓரெஸ்ட் கோல்கீப்பர் கவசங்களை லாரியில் போட்டபடியே வந்து சேர்ந்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்கத்தான் முடிந்தது, பேச முடியவில்லை. அப்பா சாவதற்கு முன் அவனைக் கேட்டாரா என்று ஊரில் பலர் என்னை விசாரித்தார்கள். கேட்கவில்லை. அதுதான் நிஜம்.

அடக்கம் முடிந்து கோயில் கூடத்தில் சாப்பாடு. எல்மர் அந்தக் கோட்டோடுதான் வந்திருந்தார். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. இத்தனை வருஷம் பழகிய மனுஷர், ஒன்றும் இல்லாமல் போகுமா. ஓரெஸ்டின் தோளில் கையை வைத்து, எல்லோரும் சொல்கிறதை அவரும் சொன்னார்.

"உங்கப்பா மேல போயிட்டாரு தம்பி."

ஓரெஸ்ட் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"ஆமா மாமா. எங்க வீட்டுல ஒருத்தராவது போனாரே. அவரு வேலைக்குப் போட்ட பூட்ஸ் வீட்டுலதான் கெடக்கு, கொண்டாந்து தர்றேன். ராணிக்குக் கீழ மாட்டிருங்க. ஆணி அவரோடதுதான்."

எல்மர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.