தபால் ஓட்டு

மிஷன் பள்ளி ஆசிரியை என்பதால் ஒவ்வொரு தேர்தலிலும் எனக்கு வேலை வந்துவிடும். ஒருமுறை சமயநல்லூர்ப் பக்கம் ஒரு வாக்குச்சாவடியில், மனைவியோடு சேர்ந்து மறைப்புக்குள் போகப் பார்த்தவரை எழுந்துபோய்த் தடுத்தேன்.

"அண்ணே, உள்ள அவங்க மட்டுந்தான் போகணும்."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்."

"எல்லாம் தெரியும்ணே. தள்ளி நில்லுங்க."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

ஏனென்றால் என் ஓட்டை நான் போட்டதே இல்லை. தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தபால் ஓட்டு. முன்பெல்லாம் அந்தச் சீட்டு வீட்டுக்கே வரும். கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற என் கணவர் அதைப் பிரித்து, தானே டிக் அடித்து, கையெழுத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார். டிவியில் பெண்கள் ஓட்டு யாருக்கு என்று நாலு ஆண்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். "பொம்பளைக ஓட்டு பூராம் அந்தப் பக்கந்தான் போகும்" என்று இவர் டிவிக்குப் பதில் சொல்லிக்கொண்டே உறையை ஒட்டுவார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். கோபம் வந்ததில்லை. எதுவுமே வந்ததில்லை.

இந்தத் தேர்தலில் சீட்டு வீட்டுக்கு வராது, பயிற்சி நடக்கும் இடத்திலேயே போட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "மூணாவது பேரு. மறந்துறாத" என்றார் காலையில், இட்லித் தட்டை நகர்த்தி வைத்தபடி.

திருமங்கலத்தில் பயிற்சி முடிந்ததும், அட்டை மறைப்புக்குப் பின்னால் பேனாவோடு நின்றேன். வெளியே ஆட்டோ மைக்கில் ஒருத்தர் "தாய்மார்களே" என்று கெஞ்சிக்கொண்டு போனார். பெயர்களை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது, ஒன்றும் தோன்றவில்லை. பின்னால் காத்திருந்த ஒரு சார் இருமினார். மூன்றாவது பெயருக்கு நேரே டிக் அடித்து, மடித்துப் பெட்டியில் போட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. இறங்குவதற்குள் அதுவும் அடங்கிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார். "யாருக்குப் போட்ட?"

"நீங்க சொன்ன ஆளுக்குத்தாங்க."

என் முகத்தையே பார்த்தார். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

"உள்ள போயி என்ன பண்ணுனியோ, யாருக்குத் தெரியும்?"

ஒரு வாரம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேறு பெயருக்குப் போட்டிருந்தாலும் அந்த ஒரு வாரந்தான் ஆகியிருக்கும்.